வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வரும் கடிதம்

மகள் வீடு டெக்சாஸில், டல்லாஸுக்கு வடக்கே. பிப்ரவரிக் கடைசியில் நானும் என் மனைவியும் போனோம். ஆகஸ்ட் கடைசியில் ஊர் திரும்பினோம். அந்த ஆறு மாதத்தில் நான் விடாமல் படித்தது ஒன்றே ஒன்று. அந்த நகரத்தின் சிட்டி மேனேஜர், அதாவது நகர மேலாளர், வெள்ளிக்கிழமைதோறும் மாலை மூன்று மணி வாக்கில் குடியிருப்போருக்கு மின்னஞ்சலில் அனுப்பும் கடிதம். அதற்குத்தான் இந்த விமர்சனம். ஹோட்டலுக்கும் கைபேசிக்கும் எழுதுகிறோம். வரி கட்டிப் பெறுகிற சேவைக்கும் எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. காவிரிக் கரையில் ஒரு நகராட்சியில் 31 வருடம் துப்புரவு ஆய்வாளராக வேலை பார்த்தவன். ஊரில் 'சானிட்டரி சார்' என்பார்கள். குப்பை, சாக்கடை, கொசு, குடிநீர்க் குளோரின், பிறப்பு இறப்புப் பதிவு எல்லாம் என் கையில் ஓடியவை. இந்தக் கடிதத்தையும் அந்தக் கண்ணோடுதான் படித்தேன்.

மகள் அதைத் திறந்ததே இல்லை. "சிட்டியிலிருந்து வாரா வாரம் வரும்ப்பா, டிலீட் பண்ணிடுவேன்" என்றாள். நாங்கள் போய்ச் சேர்ந்த சில நாளில் நடந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகு அவளே கூப்பிட்டுப் படிக்கக் கொடுத்தாள். மார்ச் மாதத்தின் முதல் புதன்கிழமை. மகளும் மருமகனும் வேலைக்குப் போயாயிற்று, பேத்தி பள்ளிக்கூடத்தில். என் மனைவி கொல்லைப்புறத்தில் துளசித் தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். பகல் சரியாக 12 மணிக்கு, ஊரே அலறுகிற மாதிரி ஒரு சங்கு. ஒரு இடத்திலிருந்து இல்லை, நாலா பக்கமும். செம்பை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தாள். எனக்கும் கை நடுங்கியது. மகளுக்குப் போன் போட்டால் அவள் மீட்டிங்கில் இருக்கிறாள், எடுக்கவில்லை. ஒரு நிமிடத்தில் சத்தம் நின்றுவிட்டது, ஆனால் நாங்கள் அரை மணி நேரம் கதவைத் திறக்கவில்லை.

சாயங்காலம் வந்து மகள் பழைய மெயிலைத் தேடினாள். முந்தைய வெள்ளிக்கிழமைக் கடிதத்திலேயே இருந்தது. மாதாமாதம் முதல் புதன் பகல் 12 மணிக்குச் சூறாவளிச் சங்கைச் சோதிப்பார்கள். வெளியில் இருப்பவர்களை உள்ளே போகச் சொல்வதற்கான சங்கு அது. வீட்டுக்குள் இருப்பவர்களை எழுப்புவதற்கு இல்லை. அன்றைக்கு வானம் மோசமாக இருந்தால் சோதனை கிடையாது, ஏனென்றால் நிஜ எச்சரிக்கையோடு மக்கள் குழப்பிக்கொள்வார்கள். இவ்வளவும் நாலே வரியில். அன்றிலிருந்து அந்தக் கடிதம் எனக்கும் வர ஏற்பாடு செய்துகொண்டேன். பணம் கிடையாது, மின்னஞ்சல் முகவரியும் குடியிருக்கும் இடத்தின் அஞ்சல் எண்ணும் கொடுத்தால் போதும்.

நகர மேலாளர் என்றால் நம் ஊர் ஆணையர் மாதிரியா என்று ஊரிலிருந்து நண்பர்கள் கேட்டார்கள். பாதி அப்படி, பாதி இல்லை. அங்கேயும் மேயரும் கவுன்சிலர்களும் மக்கள் ஓட்டுப் போட்டு வருகிறவர்கள். ஆனால் அன்றாட நிர்வாகம், துறைத் தலைவர்கள் நியமனம், பட்ஜெட் தயாரிப்பு எல்லாம் மன்றம் சம்பளத்துக்கு வைத்திருக்கும் ஒரு மேலாளர் கையில். 1908-ல் வர்ஜீனியா மாநிலத்தின் ஸ்டான்டன் என்ற சின்ன ஊரில் தொடங்கிய ஏற்பாடு என்கிறார்கள். 1913-ல் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரம் பெரிய வெள்ளத்தில் மூழ்கியது. அந்த அழிவுக்குப் பிறகு, இப்படி ஒரு மேலாளரிடம் நிர்வாகத்தைக் கொடுத்த முதல் பெரிய நகரம் அதுதான். டல்லாஸ் 1931-லிருந்து இந்த முறையில் இருக்கிறது. நம் ஆணையரை மாநில அரசு அனுப்புகிறது, மாநில அரசே மாற்றுகிறது. அங்கே நகர மன்றமே நியமிக்கிறது, பிடிக்காவிட்டால் அதுவே அனுப்பிவிடும். அதனால் அந்த மேலாளருக்கு ஊர்க்காரர்களிடம் கணக்குச் சொல்லியாக வேண்டிய கட்டாயம் கூடுதல். கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் அது தெரிகிறது.

கடிதம் நீளமில்லை, கைபேசியில் ஏழெட்டு முறை விரலால் தள்ளினால் முடிந்துவிடும். முதலில் அந்த வாரம் தண்ணீர், சாலை, குப்பை பற்றிய சேதி. அப்புறம் நூலகம், பூங்கா, திருவிழா மாதிரி நிகழ்ச்சிகள். கடைசியில் மன்றக் கூட்டம் என்றைக்கு, எதைப் பற்றி. வாழ்த்துப் படமோ, தலைவர்கள் ரிப்பன் வெட்டுகிற படமோ நான் பார்த்த வரையில் ஒன்றுகூட இல்லை. குழி தோண்டியிருக்கிற படம் இருக்கும், எந்தத் தெரு என்று எழுதியிருக்கும்.

மார்ச்சில் வந்த குடிநீர்ச் சேதியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது என் துறை. ஒருநாள் காலையில் மனைவி டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டு, "என்ன, பிளீச்சிங் பவுடர் வாசனை அடிக்குது?" என்றாள். 31 வருடம் சட்டையில் அந்த வாசனையோடு வீட்டுக்குப் போனவன் நான். அவளுக்கு நன்றாகத் தெரியும். அங்கே பல நகரங்களுக்குத் தண்ணீர் கொடுப்பது நார்த் டெக்சாஸ் முனிசிபல் வாட்டர் டிஸ்ட்ரிக்ட் என்ற பொது அமைப்பு, நம் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போல. வருடம் முழுக்க குளோரினோடு அம்மோனியாவைச் சேர்த்து, குளோராமினாக விடுகிறார்கள். நீளமான குழாயில் கடைசி வீடு வரைக்கும் அது தாக்குப்பிடிக்கும். ஆனால் நாள்பட அந்த அம்மோனியாவைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் குழாய்க்குள் படிய ஆரம்பிக்கும். அதை நீக்க வருடத்துக்கு ஒருமுறை, வெயில் காலத்துக்கு முன்பே, மார்ச்சில் ஏறக்குறைய ஒரு மாதம் வெறும் குளோரின் விடுகிறார்கள். அந்த மாதம் வாசனை தூக்கலாக இருக்கும்.

இதைக் கடிதம் ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டது. தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் வாசனை குறையும் என்றது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் மீன்தொட்டி வைத்திருப்பவர்களும் என்ன கவனிக்க வேண்டும் என்று தனியாகச் சொன்னது. அந்த இரண்டு வரியை எழுதியவருக்கு நான் கை கொடுப்பேன். ஊரில் நூறு பேருக்கு வாசனைதான் பிரச்சினை, நாலு பேருக்கு உயிர்ப் பிரச்சினை. அந்த நாலு பேரை நினைத்து எழுதுவதுதான் அறிவிப்பு.

ஏப்ரலில் கொல்லையில் புடலைக்கும் பாகலுக்கும் பந்தல் போட மருமகன் கம்பமெல்லாம் வாங்கிவந்துவிட்டார். சனிக்கிழமை குழி தோண்டுவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமைக் கடிதத்தில், மண்வெட்டியைத் தொடும் முன் 811-க்குப் போன் செய்யுங்கள், காசு வேண்டாம் என்றிருந்தது. மருமகனுக்குக் காட்டினேன். அவர் உடனே பதிந்தார். இரண்டு வேலை நாளில் ஆட்கள் வந்து புல்லில் சின்னச் சின்னக் கொடிகளை நட்டுவிட்டுப் போனார்கள். மஞ்சள் என்றால் கேஸ், நீலம் குடிநீர், சிவப்பு மின்சாரம், ஆரஞ்சு தொலைபேசி, பச்சை சாக்கடை. நாங்கள் கம்பம் நட நினைத்த இடத்துக்கு ஒன்றரை அடி தள்ளி மஞ்சள் கொடி நின்றது. பந்தலை வேலி ஓரத்துக்கு மாற்றினோம். ஜூனில் காய்த்த புடலங்காயைப் பேத்தி பாம்பு என்று சொல்லித் தோளில் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் காட்டினாள்.

இப்போது, இந்தக் கடிதத்தை இவ்வளவு மதிப்பதற்கு உண்மையான காரணத்துக்கு வருகிறேன்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் பகுதியில் பெரிய குடிநீர்க் குழாய் உடைந்துவிட்டது. பகல் இரண்டு மணிக்குள் தண்ணீர் வந்துவிடும் என்று கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. இரண்டு ஆயிற்று, நான்கு ஆயிற்று, ஆறு ஆயிற்று. அங்கே வீட்டில் தொட்டி கிடையாது, குடம் கிடையாது, அண்டா கிடையாது. மனைவி ஊர் வழக்கப்படி இரவே இரண்டு பாத்திரத்தில் பிடித்து வைத்திருந்ததால் சமையல் நடந்தது. தண்ணீர் வந்தபோது இரவு எட்டரை மணி. எனக்குக் கோபம்தான். நேரம் சொன்னால் அந்த நேரத்துக்கு வர வேண்டும். முடியாதென்றால் நேரம் சொல்லவே கூடாது.

வெள்ளிக்கிழமைக் கடிதத்தின் முதல் சேதியே அதுதான். இரண்டு மணி என்று சொன்னது குழி தோண்டுவதற்கு முன் போட்ட கணக்கு. தோண்டிய பிறகு பார்த்தால், அந்தக் குழாயை அடைக்கிற வால்வு முழுசாக மூடவில்லை. அதற்கு அடுத்த வால்வை மூட வேண்டியதாயிற்று, அதனால் இன்னும் இரண்டு தெருவுக்குத் தண்ணீர் நின்றது. இனிமேல் குழி தோண்டி உடைப்பைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நேரம் சொல்வோம். மேலாளர் இப்படி எழுதியிருந்தார். கோபம் பாதி போயிற்று. மூடாத வால்வோடு மல்லுக்கட்டுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் பிட்டர் இடுப்பளவு சேற்றில் நின்று அதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, அந்த வால்வுக்கு மாற்று வந்து சேரவில்லை என்று ஒரு வரி. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, வால்வு மாற்றியாகிவிட்டது, இரவு 11 மணிக்கு மேல் வேலை செய்ததால் யாருக்கும் தண்ணீர் நிற்கவில்லை என்று இரண்டு வரி. அவ்வளவுதான். யாரும் கேட்காத சேதி அது. தண்ணீர் வந்த அன்றைக்கே ஜனங்கள் மறந்துவிட்டிருப்பார்கள். ஆனாலும் எழுதினார்.

அந்த இரண்டு வரியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் நகராட்சியில், நான் வேலைக்குச் சேர்ந்து பத்து வருடம் ஆகியிருந்த சமயம், ஒரு தெருவில் குடிநீரில் சாக்கடை கலந்து ஏழெட்டுப் பேருக்கு வயிற்றுப்போக்கு. உடனே போனோம். தெருக்குழாயை அடைத்து, லாரியில் தண்ணீர் விட்டு, ஒலிபெருக்கி கட்டி 'குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள்' என்று ஆட்டோவில் மூன்று நாள் சொன்னோம். ஒட்டுப் போட்ட குழாயை எடுத்துவிட்டுப் புதுக் குழாய் போட்டு, குளோரின் ஏற்றி, தினமும் காலையில் நானே போய்ப் பரிசோதித்தேன். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து ஆர்த்தோடாலிடின் சொட்டு விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சளாகும். கடைசி வீட்டில் 0.2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், குளோரின் இருக்க வேண்டும். ஒன்பதாம் நாள் கடைசி வீட்டுக் குழாயில் நல்ல மஞ்சள் வந்தது. ஆய்வகத்திலிருந்தும் தண்ணீர் நன்றாக இருப்பதாக வந்துவிட்டது. கோப்பில் எழுதி மூடினேன்.

நாலைந்து மாதம் கழித்து அந்தப் பக்கம் போகும்போது, அதே தெருவைச் சேர்ந்த ஒரு வயதான அம்மா இரண்டு தெரு தள்ளி இருக்கும் அடிபம்பிலிருந்து குடம் சுமந்து வருகிறார். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. "ஏம்மா, வாசல்ல குழாய் வருதே?" என்றேன். "குடிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் மைக்ல சொன்னீங்க. நல்லாயிடுச்சுன்னு யாரும் சொல்லலியே" என்றார்.

வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தோம். வேலை முடிந்தது என்று சொல்லவில்லை. அந்த அம்மா நாலைந்து மாதம் தண்ணீர் சுமந்தது அதனால். டெக்சாஸில் அந்த வால்வு பற்றிய இரண்டு வரியை நான் கும்பிட்டுப் படித்தது இதனால்தான்.

கொசு விஷயத்திலும் அதே ஒழுங்கு. ஜூலை பிறந்ததும் கடிதத்தில் கொசுப் பொறி பற்றிய பகுதி சேர்ந்துகொண்டது. நகரத்தில் அங்கங்கே பொறி வைத்து, பிடிபட்ட கொசுவை ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். கொசுவால் பரவும் வெஸ்ட் நைல் காய்ச்சலின் கிருமி அதில் இருந்தால், எந்தச் சாலையிலிருந்து எந்தச் சாலை வரை, எந்த இரவு, எத்தனை மணிக்கு வண்டி மருந்து தெளித்துக்கொண்டு வரும் என்று எழுதுகிறார்கள். ஜன்னலை மூடுங்கள், நாயை உள்ளே விடுங்கள், காய்கறியைக் கழுவிச் சாப்பிடுங்கள். 2012-ல் டல்லாஸ் பகுதியில் அந்தக் காய்ச்சல் கடுமையாகப் பரவி, 45 வருடத்துக்கு மேல் இல்லாத வழக்கமாக விமானத்திலிருந்து மருந்து தெளித்திருக்கிறார்கள். அந்த நினைவு அங்கே இன்னும் இருக்கிறது.

படிக்கப் படிக்க எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஏனென்றால் அங்கே அந்தக் காய்ச்சலைப் பரப்புவது க்யூலெக்ஸ் குயின்குஃபேசியேட்டஸ். நம் ஊரில் யானைக்கால் பரப்புகிற அதே சாக்கடைக் கொசு. ஒரு வாரம், மழைநீர்க் குட்டைகளில் கொசுப்புழுவைத் தின்ன கம்பூசியா மீன் விட்டிருக்கிறோம் என்று படத்தோடு போட்டிருந்தார்கள். விரல்கடைகூட இல்லாத, வயிறு உப்பிய, சாம்பல் நிறக் குட்டி மீன். எத்தனை கிணற்றில் என் கையால் விட்டிருக்கிறேன்! பிளாஸ்டிக் வாளியில் கொண்டுபோய், வாளியோடு கிணற்றில் இறக்கி, தண்ணீர்ச் சூடு பழகட்டும் என்று கொஞ்ச நேரம் வைத்திருந்து கவிழ்ப்போம். அந்த மீனுக்குச் சொந்த ஊரே டெக்சாஸும் அதைச் சுற்றிய பகுதிகளும்தான். அங்கிருந்துதான் உலகமெல்லாம் போனது. பேத்தியைக் கூட்டிக்கொண்டு அந்தக் குட்டையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மேல்மட்டத்தில் கூட்டம் கூட்டமாக நின்றன.

குடியிருப்போருக்கு இலவசமாகக் கொசுப்புழு மாத்திரையும் கொடுத்தார்கள். பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து. நடுவில் ஓட்டையோடு, பார்க்க அப்படியே உளுந்து வடை. பூத்தொட்டித் தட்டில் ஒரு துண்டு உடைத்துப் போட்டால் ஒரு மாதம் தாங்கும். என்றைக்கு, எந்த நூலக வாசலில், எத்தனை மணி வரை, ஒரு வீட்டுக்கு எத்தனை என்பது கடிதத்தில் இருந்தது. போனோம், வரிசையில் ஐந்து நிமிடம், வாங்கிவந்தோம்.

மற்றதெல்லாம் சுருக்கமாகச் சொல்கிறேன். பொரித்த எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள், இந்த இடத்தில் கொண்டுவந்து கொடுங்கள் என்ற சேதி பலகாரம் சுடுகிற நம் வீடுகளுக்கு அவசியம். ஏப்ரலில் வீட்டு மதிப்பீட்டு நோட்டீஸ் வரும்போது, மதிப்பைப் போடுவது நகராட்சி இல்லை, கவுன்டியின் (நம் மாவட்டம் மாதிரி) மதிப்பீட்டு அலுவலகம், ஆட்சேபிக்கக் கடைசி நாள் பொதுவாக மே 15 என்று விளக்கியது தெளிவு. ஆகஸ்டில் பட்ஜெட், அங்கே நிதியாண்டு அக்டோபர் முதல் தேதி தொடங்குகிறது. வீட்டு மதிப்பு ஏறுவதால் வரி விகிதத்தைத் தொடாமல் விட்டாலே வசூல் கூடிவிடும் என்பதை மேலாளர் மறைக்காமல் எழுதியிருந்தார். அது நேர்மை. கோடைக் கச்சேரி, ஜூலை 4 வாணவேடிக்கை, நூலகத்தில் கதை நேரம் இவையெல்லாம் பேத்திக்குப் பிடித்தவை. எனக்குச் சொல்ல அதிகமில்லை.

குறைகளும் உண்டு, அவற்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் குறை மொழி. கடிதம் ஆங்கிலத்தில், சில பகுதிகள் ஸ்பானிய மொழியில். அந்த நகரத்தில் சாயங்காலம் பூங்காவுக்குப் போனால் தமிழ், தெலுங்கு, குஜராத்தி, சீனம் எல்லாம் காதில் விழுகிறது. பகலெல்லாம் வீட்டில் இருப்பது என்னைப் போன்ற பெற்றோர்கள். சங்கு ஊதும்போது, குழாய் உடையும்போது, மருந்து வண்டி வரும்போது வீட்டில் இருப்பது நாங்கள்தான். கடிதம் போவதோ அலுவலகத்தில் இருக்கும் பிள்ளைக்கு. என் மனைவிக்கு ஆங்கிலம் படிக்க வராது. நான் வாசித்துச் சொன்னேன். சொல்ல ஆள் இல்லாத வீடுகள் எத்தனையோ.

இரண்டாவது, எல்லோரிடமும் கார் இருக்கிறது என்ற நினைப்பில் எழுதுகிறார்கள். ஆகஸ்டில் வெயில் 105 டிகிரி பாரன்ஹீட். வீட்டில் ஏசி வேலை செய்யாதவர்கள் இந்த இந்த இடத்துக்கு வந்து உட்காரலாம் என்று முகவரி கொடுத்தார்கள். நாங்கள் இருந்த பக்கம் பேருந்து கிடையாது. ஏசி கெட்டுப்போன வீட்டில் தனியாக இருக்கும், வண்டி ஓட்டத் தெரியாத 70 வயதுக்காரர் அந்த வெயிலில் எப்படிப் போவார்? இதைக் கேட்டு நான் எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது, முதியோரை ஏற்றிப்போகும் வண்டிக்கான தொலைபேசி எண்ணோடு. நல்ல பதில். ஆனால் நாங்கள் கிளம்பும் வரை அந்த எண் கடிதத்தில் ஏறவில்லை. கேட்டவனுக்கு மட்டும் கிடைத்தால் அது அறிவிப்பு ஆகாது.

இன்னொன்று, தொடுப்புகள். 'மேலும் அறிய இங்கே தட்டவும்' என்று போட்டு, தட்டினால் அங்கே இன்னொரு தொடுப்பு. தேதியும் இடமும் கடிதத்திலேயே இருக்க வேண்டும். பெரும்பாலும் இருக்கின்றன, சாலை அடைப்பு விஷயத்தில் மட்டும் வரைபடத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள், அது என் கைபேசியில் திறக்கவே இல்லை.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் பெற்றோர்களுக்குச் சொல்கிறேன்: போன முதல் வாரமே, 'உங்கள் நகரத்திலிருந்து இப்படி ஏதாவது வருகிறதா' என்று கேளுங்கள், உங்கள் கைபேசிக்கும் வரச் செய்யுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்: அதை அழிக்காதீர்கள், வீட்டில் இருக்கும் அம்மாவுக்குப் பாதி வரியாவது சொல்லிவிட்டு வேலைக்குப் போங்கள்.

எங்கள் ஊரில் இது முடியாதா? முடியும் என்பதே என் உறுதியான எண்ணம். தண்டோராவை 2022-ல் அரசே நிறுத்தச் சொல்லிவிட்டது. நல்ல முடிவு, ஒரு மனிதரைப் பறையோடு தெருத்தெருவாக அலையவிடக் கூடாது. அதன் இடத்தில் வண்டியும் ஒலிபெருக்கியும் வந்தன. அதே 2022-ல் நவம்பர் 1-ஐ உள்ளாட்சிகள் தினமாக வைத்து, நகரங்களில் வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டம் தொடங்கியது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, கேட்காமலே சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள் என்று 2005-லிருந்து கட்டளையே போட்டிருக்கிறது. சட்டமும் இருக்கிறது, எல்லார் கையிலும் வாட்ஸ்அப்பும் இருக்கிறது. பொறியாளர் நாலு வரி, சுகாதாரப் பிரிவு நாலு வரி, வருவாய்ப் பிரிவு இரண்டு வரி. வெள்ளிக்கிழமை மதியம் ஆணையர் ஒருமுறை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, வார்டு வாரியாக அனுப்பினால் போதும். குரலிலும் பேசி அனுப்பினால் படிக்கத் தெரியாதவர்களுக்கும் போகும். போன வாரம் உடைந்தது இந்த வாரம் என்ன ஆயிற்று என்பதைக் கட்டாயம் முதலில் சொல்ல வேண்டும். ஊர் வந்து சேர்ந்ததும் இதைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி, அந்த வால்வுக் கடிதங்கள் மூன்றின் நகலையும் மொழிபெயர்ப்போடு வைத்து, நகராட்சியில் நேரில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். படிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த பகுதி சபையில் எழுந்து கேட்பேன்.

டெக்சாஸ் கடிதம் இன்னும் எனக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. அங்கே வெள்ளி மாலை மூன்று மணி என்றால் இங்கே சனிக்கிழமை விடியற்காலை ஒன்றரை. காலையில் காபியோடு படிக்கிறேன். பேத்தியின் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் ஒரு ஓடைப் பாலத்தை மார்ச்சில் மூடியிருந்தார்கள். ஆகஸ்டில் திறப்போம் என்றார்கள். பாலத்துக்கு அடியில் ஒரு கேஸ் குழாயை நகர்த்த வேண்டியிருந்ததால் ஒரு மாதம் தள்ளிப்போகிறது என்று ஜூலையிலேயே எழுதிவிட்டார்கள். நாங்கள் இருந்த வரை சுற்றிக்கொண்டுதான் போனோம். போன சனிக்கிழமை கடிதத்தைத் திறந்தால் முதல் சேதி அந்தப் பாலம். அங்கே அப்போது வெள்ளி இரவு எட்டரை இருக்கும். உடனே மகளுக்குப் போன் போட்டேன்.

"திங்கக்கிழமை காலை ஆறு மணிக்குப் பாலம் திறக்கறாங்கம்மா. குழந்தையை அந்த வழியாவே கூட்டிட்டுப் போகலாம். இடது பக்கத் தடம் மட்டும் இன்னும் ரெண்டு வாரம் மூடியிருக்கும், வலது பக்கமா ஒதுங்கிப் போ."